ஒரே பட்டா எண், இருபத்துமூன்று வயல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆபீசிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவள்தானே, வீட்டில் சும்மாதானே இருப்பாள் என்ற நினைப்பு. சும்மா ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு உபதேசம் செய்ய வராது. நான் சொதப்பிய கதைகளைச் சொல்ல வரும், அந்தச் சரக்கு என்னிடம் நிறையவே இருக்கிறது.

நீங்கள் செய்யப்போகும் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் பதிவுகள் எல்லாம் இணையத்தில் எங்கோ ஒரு கிளவுட் சேவையில் கிடக்கும். நாம் எழுதிக் கொடுக்கும் மென்பொருள் அவர் மேசையில் இருக்கும். நடுவில் கனெக்டர் என்று ஒன்று. அது அங்கே இருப்பதை நம் கம்ப்யூட்டரில் இருக்கும் டேபிள் மாதிரியே காட்டும். எஸ்.க்யூ.எல். என்ற கட்டளை மொழியில் கொடு என்றால் கொடுக்கும், மாற்று என்றால் மாற்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பது போலத் தெரிகிறதே தவிர, அது பக்கத்தில் இல்லை. இதை நான் இரண்டு தடவை அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். முதல் அடி சிரிக்கிற மாதிரி இருக்கும். இரண்டாவது அப்படி இல்லை.

முதல் அடி திருக்கடையூரில். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கிற ஒரு மண்டபத்துக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். முன்பதிவுகள் கிளவுடில் இருந்தன. ஒரே ஒரு பதிவின் தேதியை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைத்து, எந்தப் பதிவு என்ற நிபந்தனையை எழுதாமலே கட்டளையை ஓட்டிவிட்டேன். நம் வீட்டு டேட்டாபேஸ் என்றால் செய்ததைத் திரும்பப் பெறலாம். அங்கே அந்தப் பேச்சே கிடையாது. அந்த மாதத்துக் கல்யாணம் அத்தனையும் ஒரே வெள்ளிக்கிழமைக்கு வந்துவிட்டன. கிளவுட் சேவையும் தன் பங்குக்கு எல்லாக் குடும்பத்துக்கும் "உங்கள் தேதி மாற்றப்பட்டது" என்று செய்தி அனுப்பிவிட்டது.

"எங்க அப்பாவோட நட்சத்திரம் அன்னிக்கு இல்லீங்களே, எப்படி மாத்துனீங்க?" என்று ஒருவர் சென்னையிலிருந்து ஃபோனில் அழாத குறையாகக் கேட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்தையும் நானே கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, தேதி கேட்டு, திரும்பப் போட்டேன். நட்சத்திரங்கள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆபீசில் கொஞ்ச நாள் என்னை ஜோசியர் என்று கூப்பிட்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லை, எல்லாக் கல்யாணங்களும் நடந்தன.

அதற்குப் பிறகு மாற்று என்ற கட்டளையை எழுதும்போதெல்லாம் மூன்று தடவை படித்துப் பார்ப்பேன். கொடு என்ற கட்டளையை அப்படிப் பார்க்கவில்லை. படிக்கத்தானே செய்கிறோம், படித்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது அடி அங்கேதான் விழுந்தது.

பாபநாசம் பக்கத்தில் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். சுற்றுவட்டார விவசாயிகள் சேர்ந்து நடத்துவது. சம்பா அறுவடையில் அவர்களுடைய பெரிய தலைவலி மெஷின். ஆத்தூர் பக்கத்திலிருந்து அறுவடை மெஷின்கள் வரும். முன்பெல்லாம் யாருக்குச் செல்வாக்கோ அவர் வயலில் முதலில் இறங்கும். அது வேண்டாம், விளைந்த வரிசைப்படி போகட்டும் என்று நிறுவனம் முடிவெடுத்தது. விவசாயிகள் ஃபோனில் ஒரு படிவத்தை நிரப்புவார்கள். பெயர், ஃபோன் எண், பட்டா எண், எத்தனை மா நிலம் (மூன்று மா ஓர் ஏக்கர்), கதிர் எவ்வளவு முற்றியிருக்கிறது, வயல் ஈரமா காய்ந்திருக்கிறதா. அது கிளவுடுக்குப் போகும். எங்கள் மென்பொருள் அங்கிருந்து எஸ்.க்யூ.எல்.லில் எடுத்து, அடுத்த இரண்டு நாளுக்கு எந்த மெஷின் எந்த வயலுக்கு என்று பட்டியல் போட்டு, விவசாயிகளுக்குச் செய்தி அனுப்பும். காய்ந்த வயலுக்கு டயர் மெஷின், ஈர வயலுக்குச் சேற்றில் புதையாத பெல்ட் மெஷின். இதை எழுதியது நான். இரண்டு பருவம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

அது தை மாதக் கடைசி. மறுநாள் மதியத்துக்கு மேல் மழை என்று காலையிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. உடனே நிறுவனத்து ஆட்கள் அன்றைக்கும் மறுநாளைக்கும் பட்டியலைப் புதிதாகப் போட்டார்கள். முற்றிய கதிர் மழையில் நனைந்து தரையில் படுத்தால் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எட்டரை மணிக்கு நிறுவனத்தின் மேனேஜர் இளங்கோவன் கூப்பிட்டார். எப்போதும் நிதானமாகப் பேசுகிற மனிதர். அன்று குரல் கீச்சென்று இருந்தது.

"மேடம், ஒரே வயல்ல ரெண்டு மெஷின் போய் நிக்குது. டிரைவருங்க ரெண்டு பேரும் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க. லிஸ்ட்ல ஒரே ஆளு பேரு ரெண்டு ரெண்டு தடவ வருது."

பார்த்தேன். உண்மைதான். காரணமும் சீக்கிரமே பிடிபட்டது. கனெக்டர் கிளவுடிலிருந்து பதிவுகளை ஒரே மூச்சில் எடுப்பதில்லை, பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் எடுக்கும். மழைச் செய்தி கேட்டு ஜனங்கள் அடுத்தடுத்துப் பதிந்துகொண்டிருந்தார்கள். முதல் பக்கத்தை எடுத்துவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் மேலே புதுப் பதிவுகள் சேர்ந்துவிடும். முதல் பக்கத்தின் கடைசி ஆட்கள் இரண்டாம் பக்கத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர்களையே மறுபடி எடுத்து வரும்.

இதற்குச் சரியான வழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு பதிவுக்கும் கிளவுட் சேவையே ஓர் அடையாள எண் கொடுக்கிறது. அந்த எண்ணை வைத்து இரட்டையைக் கழித்திருக்க வேண்டும். ஆனால் மென்பொருளை எழுதும்போது அது எதற்கு என்று நான் எடுக்காமல் விட்டிருந்தேன். இப்போது சேர்ப்பதென்றால் மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது ஆகும். இளங்கோவனோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் பட்டா எண் இருந்தது. ஒரு பட்டாவுக்கு ஒரு வரி, கடைசியாகப் பதிந்தது மட்டும் போதும் என்று எழுதினேன். ஒரே வரி மாற்றம்தான். பட்டியல் சுத்தமாக வந்தது. இரட்டை ஒன்றுகூட இல்லை.

பட்டியல் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சுருங்கியிருந்தது. அது என் கண்ணில் பட்டது. பட்டும், சந்தோஷம்தான் வந்தது. இளங்கோவனுக்கு அதைவிடச் சந்தோஷம்.

"இவ்வளவுதானா மேடம்? அப்ப மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம்! ரெண்டு பெல்ட் மெஷின அடுத்த ஊருக்கே அனுப்பிரலாம் போலருக்கே!"

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். கெட்ட செய்தி வந்தால் எல்லோரும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்போம். நாம் வேண்டிக்கொண்டிருந்த செய்தியே வந்தால் யாரும் சரிபார்ப்பதில்லை. பதற்றத்தில் இருக்கும்போது ஒரு எண் உங்கள் மனம் குளிரும்படி வந்து நின்றால், முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். நான் அன்றைக்குச் சந்தேகப்படாமல் டீ குடிக்கப் போனேன்.

பகல் பன்னிரண்டே முக்கால் இருக்கும். விவசாயிகளுக்குப் போகும் செய்தியின் அடியில் ஓர் உதவி எண் இருக்கும். அது என் மேசையில் அடிக்கும். எடுத்தேன்.

"மிஷினு ஆபீசுங்களா?"

"சொல்லுங்கம்மா."

"எம் பேரு ராஜகுமாரிங்க. நாளைக்கி காலைல மிஷினு வரும்னு நேத்தே மெசேஜ் வந்துச்சு. இன்னிக்கி எல்லாருக்கும் புது டயம் வந்திருக்காம். எனக்கு வரலீங்க."

"பட்டா நம்பர் சொல்லுங்கம்மா, பாக்குறேன்."

சொன்னார். தேடினேன். "இந்த நம்பர்ல கோவிந்தராசுன்னு ஒருத்தர் பேரு இருக்கேம்மா."

"அவரு பக்கத்து வயலுங்க. அவருக்கும் அதே நம்பருதான். எங்க எல்லாத்துக்குமே அதே நம்பருதான். பட்டா சாமி பேர்ல இருக்கு. நாங்க குத்தகைக்கு சாகுபடி பண்றோம்."

கோயில் நிலம். ஒரே பட்டா. அதைக் கூறு கூறாகப் பிரித்துக் குத்தகைக்கு உழுகிறவர்கள் எத்தனையோ பேர். என் வரி அவர்களில் கடைசியாகப் பதிந்த கோவிந்தராசுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் இரட்டை என்று சொல்லித் தள்ளியிருக்கிறது.

இதை வெளியூர்க்காரர் ஒருவர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விடலாம். என் அப்பாவே மூன்று மா கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டவர். எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இருந்ததில்லை. அப்பாவுக்கு நிலம் உண்டா என்று பள்ளியில் கேட்டபோது உண்டு என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல் நின்ற பெண் நான். அந்த நான்தான் ஒரு பட்டாவுக்கு ஒரு ஆள் என்று எழுதினேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

"நீங்க எத்தன பேரும்மா?"

"எண்ணிப் பாத்ததில்லீங்க. இருபது பேருக்கு மேல இருப்போம். என்னுது முன்நடவுங்க, போன வாரமே அறுத்திருக்கணும். இப்பவே சாஞ்சு கெடக்கு. வீட்டுக்குச் சாப்பாட்டு நெல்லே அதுதான். மழ வேற வரும்ங்கறாங்க."

"பயப்படாதீங்கம்மா. பாத்துட்டு கூப்பிடுறேன்."

ஃபோனை வைத்துவிட்டேன்.

என் வரியைத் திருத்தி, பதிவுகளைக் கிளவுடிலிருந்து மறுபடி எடுக்கப் போனேன். கிளவுட் மறுத்துவிட்டது. ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் கேட்கலாம் என்று அவர்களுக்கு ஓர் அளவு உண்டு. மழைப் பயத்தில் நிறுவனத்து ஆட்கள் காலையிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்றைய அளவு தீர்ந்துவிட்டது. இனி மறுநாள் காலை ஐந்தரைக்குத்தான் கதவு திறக்கும். கிரீன்விச் நேரக் கணக்கில் அவர்களுடைய நாள் நம் ஊர் ஐந்தரைக்குத்தான் பிறக்கிறது.

சரி, காலையில் எடுத்த நகல் இருக்குமே என்று பார்த்தால் அதுவும் இல்லை. வந்ததை வந்தபடி ஓரிடத்தில் போட்டு வைத்துவிட்டு அதிலிருந்து கழித்திருக்க வேண்டும். நான் எடுக்கும்போதே கழித்து, பழைய டேபிளின் மேலேயே எழுதியிருந்தேன். கழிக்கப்பட்டவர்கள் யார் யார் என்பது எங்கள் கம்ப்யூட்டரில் எங்கேயும் இல்லை.

மனசு ஒரு கணக்குப் போட்டது. காலை ஐந்தரைக்கு எடுத்தால் ஆறு மணிக்குப் பட்டியல் தயார். பனி காய்ந்து மெஷின் இறங்க எப்படியும் ஒன்பது ஆகும். இடையில் மூன்று மணி நேரம் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். யாரிடமும் தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த யோசனை எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பெல்ட் மெஷின் ரோட்டில் தானாக ஓடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டால் திரும்ப வராது. இதுவும் எனக்குத் தெரியும்.

அப்போதாவது ஃபோனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. நானே சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். கனெக்டர் ஏதாவது பழைய நகலை ஒளித்து வைத்திருக்கிறதா என்று தேடினேன். இன்னொரு கணக்குத் திறந்து அதன் வழியாக நுழைய முடியுமா என்று பார்த்தேன். கிளவுட் சேவைக்காரர்களுக்கு அவசரம் அவசரம் என்று எழுதினேன். இரண்டு வேலை நாட்களில் பதில் தருகிறோம், எழுதியதற்கு நன்றி என்று அந்த நொடியே பதில் வந்தது. பக்கத்து மேசையில் சலீம். பதினைந்து வருடமாக என்னோடு வேலை பார்த்தவர்.

"என்னக்கா, மூஞ்சி வெளிறிப்போய் இருக்கு?"

சொன்னேன்.

"மேனேஜர்ட்ட சொல்லிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டு சொல்றேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். "மேனேஜர்ட்ட சொல்லிட்டீங்களா அக்கா?"

"இரு சலீம், பாத்துக்கிட்டு இருக்கேன்ல!" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் விடவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தே கேட்டார். "என்னத்தக் கண்டுபிடிக்கணும்? யாரு விட்டுப்போனாங்கன்னு தானே? அந்தம்மாவுக்குத் தெரியும்லக்கா. அவங்களக் கேட்டா சொல்லிருவாங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டேகால். ராஜகுமாரியின் ஃபோனை வைத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. திருக்கடையூரில் முப்பது குடும்பங்களை நானே கூப்பிட்டுப் பேசியவள், இங்கே ஒரு பெண்ணைத் திரும்பக் கூப்பிடாமல் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் இளங்கோவனைக் கூப்பிட்டேன்.

"சார், காலைல நான் குடுத்த லிஸ்ட் தப்பு. கோயில் நிலத்துக் குத்தகைக்காரங்க எல்லாரும் விட்டுப்போயிட்டாங்க. தப்பு என்னுது."

"எத்தன பேரு?"

"தெரியல சார்."

"தெரியலன்னா என்ன மேடம் அர்த்தம்?"

அவர் திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கேள்வியை அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். சொன்னேன். பெல்ட் மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். ஒன்று இன்னும் ஏற்றவில்லை, நிறுத்திவிட்டார். இன்னொன்றை ஒன்றரை மணிக்கே லாரியில் ஏற்றிவிட்டார்கள். அது கும்பகோணம் தாண்டிப் போய்விட்டது. டிரைவர் திரும்ப மாட்டேன் என்கிறார், அங்கேயும் வயலோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அடுத்து ராஜகுமாரி. முதல் மணியிலேயே எடுத்தார். ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அம்மா, உங்க குத்தகைக்காரங்க பேரெல்லாம் எழுதி எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?"

"எழுதிர்றேங்க. யாரு வயல்ல ஈரமா இருக்கு, யாருது காஞ்சிருக்குன்னும் எழுதணும்ல?"

நான் கேட்க மறந்ததை அவர் கேட்டார். மூன்றரைக்குப் படம் வந்தது. வரப்பில் நடந்து நடந்து எழுதியிருக்கிறார். இருபத்துமூன்று பெயர், மா கணக்கு, வயல் ஈரமா காய்ந்ததா என்ற விவரம். ஒன்பது வயல் காய்ந்தவை, பதினாலு ஈரம். ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை, ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. எழுதியிருந்த வரிசைப்படியே அப்படியே டைப் செய்து இளங்கோவனுக்கு அனுப்பினேன்.

நிறுத்தி வைத்த மெஷினுக்காக அடுத்த ஊரில் காத்திருந்தவர்களுக்கு யார் சொல்வது? நான் சொல்கிறேன் என்றேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கள் முறை தள்ளிப்போகிறது, தப்பு என்னுடையது என்றேன். அவர்கள் வயல் ஒரு வாரம் தாங்கும் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சொன்னேன். ஆனாலும் ஒருவர், "மழ என்ன உங்க வீட்டு வேலைக்காரனா, நில்லுன்னா நிக்கிறதுக்கு?" என்று கத்திவிட்டு வைத்தார். நியாயமான கேள்வி.

அன்று மாலையே மெஷின் அந்த நிலத்தில் இறங்கிவிட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பனி காயட்டும் என்று டிரைவர் ஒன்பது மணி வரை இறங்கவில்லை. எல்லோரும் கதிரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். கிழக்கே வானம் அழுக்கு வேட்டி மாதிரி கிடந்தது. காய்ந்த வயல்களை டயர் மெஷின் வேகமாக முடித்துவிட்டது. பதினாலு ஈர வயலுக்கும் ஒரே பெல்ட் மெஷின்.

ராஜகுமாரியை அங்கேதான் நேரில் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மெஷின் ஏறி இறங்க வசதியாக வரப்பை மண்வெட்டியால் சரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வயல், அடுத்த வயல் என்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்ததும் அவர்தான். உங்களுடையது எது என்று கேட்டேன். வடிகால் ஓரமாகக் கடைசியில் இருந்ததைக் காட்டினார். கதிர் பாதிக்கு மேல் தரையில் படுத்திருந்தது.

"லிஸ்ட்ல ஏம்மா உங்க பேரக் கடைசில எழுதுனீங்க?"

"எழுதுறவ எம் பேர மொதல்ல எழுதிக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தார்.

அவர் அப்படித்தான் எழுதுவார். இந்தப் பக்கத்தில் யாருமே அப்படித்தான் எழுதுவார்கள். பந்தியில் பரிமாறுகிறவர் முதலில் உட்கார மாட்டார். அதைச் சரிசெய்ய வேண்டியவள் நான். விளைந்த வரிசைப்படி போகட்டும் என்பதற்காகத்தானே அந்த மென்பொருளே எழுதினோம்? என் வயல் சாய்ந்து கிடக்கிறது என்று அவர் என் காதில் சொல்லியிருந்தார். அதை எந்த டேபிளிலும் தேட வேண்டியதில்லை. முந்தின நாள் நான் வரிசையை மாற்றியிருந்தால் மெஷினை வடிகால் ரோட்டுப் பக்கமாகவே இறக்கியிருப்பார்கள். இப்போது நடுவில் அறுக்காத வயல்கள். அவற்றை மிதித்துக்கொண்டு போக முடியாது.

பதினொன்றுக்கு ஐந்து வயல் பாக்கி. பன்னிரண்டரைக்கு மூன்று. காற்று திரும்பிவிட்டது, ஈர வாடை அடித்தது. ஒன்றரைக்கு கோவிந்தராசுவின் வயலில் மெஷின் கடைசிச் சுற்று வந்துகொண்டிருக்கும்போது முதல் தூறல் விழுந்தது. அவர் சுற்று முடிந்தது. மெஷின் ராஜகுமாரியின் வரப்பு வரை வந்தது. அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. நனைந்த கதிரை உள்ளே விட்டால் மணி பிரியாது, எல்லாம் வைக்கோலோடு வெளியே போய்விடும். டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

பதிமூன்று வயல் முடிந்தது. பதினாலாவது அவருடையது.

எல்லோரும் தார்ப்பாய் போட்டு நெல்லை மூட ஓடினார்கள். ராஜகுமாரி வரப்பிலேயே நின்றார். நானும் நனைந்துகொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ரெண்டு மிஷினு இருக்குன்னாங்களே?"

"ஒண்ணு முந்தியே கிளம்பிருச்சும்மா. நான் சீக்கிரம் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க."

"எப்ப கிளம்புச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நேத்து மத்தியானம் ஒண்ணரைக்கு."

அவர் குரலில் கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டார்.

"நான் பன்னண்டே முக்காலுக்கே கூப்பிட்டேனேம்மா."

"ஆமாம்மா, கூப்பிட்டீங்க" என்றேன்.

மழை இரண்டு நாள் விடவில்லை. பிறகு அந்த வயலைக் கையால் அறுத்தார்கள், நானும் கூட நின்றேன். பாதி முளைத்திருந்தது. தேறியது ஐந்தாறு மூட்டை. அந்த வருடம் முழுக்க அவர் வீட்டில் ரேஷன் அரிசி. இளங்கோவன் தன் இயக்குநர் கூட்டத்தில் தப்பு மென்பொருளில் என்று மட்டும் சொன்னாராம். என் பெயரைச் சொல்லவில்லை. நான் மறுநாள் போய் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

மென்பொருளில் என்னென்ன திருத்தினேன் என்பது உங்கள் கையேட்டில் இருக்கிறது. கிளவுட் தரும் அடையாள எண், வந்ததை வந்தபடி வைக்கும் டேபிள், அன்றைய அளவு தீரும் முன்பே எச்சரிக்கை, கழிக்கப்பட்டவர்களின் தனிப் பட்டியல். படித்துக்கொள்ளுங்கள், நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அவை எல்லாம் இருந்தாலும் வேறு ஏதாவது ஒன்று ஒரு நாள் தப்பும். நான் சொல்ல வந்தது அந்த நாளைப் பற்றி.

குறுவைக்குப் பதிவு தொடங்கியதும் ராஜகுமாரி பாபநாசம் ஆபீசுக்கு வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். இப்போது ஒரே பட்டா எண் இருந்தாலும் எல்லோர் பெயரும் தனித்தனியாக வரும் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். அடையாள எண்ணைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். திரையை அதிகம் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. இந்தத் தடவயும் ஏதாவது விட்டுப்போயி நான் கூப்பிட்டேன்னு வைங்க. ஃபோன வச்சப்புறம் நீங்க மொதல்ல என்ன செய்வீங்க?"

"வைக்க மாட்டேன்மா. உங்கள லைன்லயே இருக்கச் சொல்லிட்டு, இன்னொரு ஃபோன்ல மேனேஜரக் கூப்பிடுவேன்."

"அப்பச் சரி" என்று சொல்லி, தன் பதிவைப் போடச் சொன்னார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். உதவி எண் மாறவில்லை. அது இப்போது உங்கள் மேசையில் அடிக்கும். ராஜகுமாரி இன்னும் அதே வயலில்தான் சாகுபடி செய்கிறார்.